டேட்டாபேஸ் சர்வீஸ் எந்தக் கணக்கில் ஓட வேண்டும்?

மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடை, குளச்சலில் ஒரு ஐஸ் ஃபேக்டரி, குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடை, நாகர்கோவிலில் இருபது படுக்கை உள்ள ஆஸ்பத்திரி. தொழில் எதுவானாலும் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் 'சர்வர்' என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அதில் இருப்பது மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். அதை இன்ஸ்டால் செய்யும்போது நடுவில் 'சர்வர் கான்ஃபிகரேஷன்' என்றொரு பக்கம் வரும். இடப்பக்கம் சர்வீஸின் (யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் ஓடும் புரோகிராமின்) பெயர், அதற்கு நேரே கணக்கின் பெயர், அடுத்து பாஸ்வேர்டு கட்டம். பெரும்பாலோர் நிற்காமல் தாண்டிப் போகும் அந்தப் பக்கத்தில் என்ன கொடுக்க வேண்டும், ஏன் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

'எஸ்ஏ' லாகினையும் இந்தக் கணக்கையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எஸ்ஏ என்பது டேட்டாபேஸுக்குள் நுழைகிறவரின் பெயர். இங்கே கேட்கப்படுவது விண்டோஸ் கணக்கு: டேட்டாபேஸ் இன்ஜின் (தரவைப் படித்து எழுதும் மைய சர்வீஸ்) எந்த ஆளாக விண்டோஸுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது. பேக்அப் எடுக்கச் சொல்வது நீங்கள். கோப்பைத் திறந்து எழுதுவது இன்ஜின். நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தாலும் இன்ஜின் உட்கார்ந்திருக்கும் கணக்குக்கு அந்த ஃபோல்டரில் அனுமதி இல்லையென்றால் எழுத முடியாது. சர்வீஸ் கணக்கு தொடர்பாக வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும்.

ஒரே கம்ப்யூட்டரா, டொமைனா?

கடையில் இருக்கும் நாலைந்து கம்ப்யூட்டர்களும் ஒர்க்குரூப்பில் (ஒவ்வொன்றும் தன் பயனர்களைத் தானே வைத்துக்கொள்ளும் முறை) இருக்கின்றன, டேட்டாபேஸ் ஒன்றில் மட்டும் ஓடுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். இன்ஸ்டாலர் தானாகக் காட்டும் கணக்கை அப்படியே விட்டுவிடுங்கள். எஸ்கியூஎல் சர்வர் 2012 முதல் அது 'விர்ச்சுவல் அக்கவுண்ட்' எனப்படும் வகை. டீஃபால்ட் இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயர் வைக்காமல் நிறுவிய எஸ்கியூஎல் சர்வர்) என்றால் 'என்டி சர்வீஸ்\எம்எஸ்எஸ்கியூஎல்சர்வர்' என்றும், எக்ஸ்பிரஸ் என்றால் 'என்டி சர்வீஸ்\எம்எஸ்எஸ்கியூஎல்$எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ்' என்றும் இருக்கும். இதற்கு நீங்கள் பாஸ்வேர்டு வைக்க வேண்டியதில்லை, கட்டம் காலியாகவே இருக்கட்டும். பாஸ்வேர்டு இல்லாததால் காலாவதி ஆவதும் இல்லை, திருடு போவதும் இல்லை. இந்தக் கணக்கால் யாரும் கம்ப்யூட்டரில் லாகின் செய்யவும் முடியாது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனித்தனி விர்ச்சுவல் கணக்கு என்பதால் ஒன்றுக்குக் கொடுத்த அனுமதி இன்னொன்றுக்குப் போகாது.

டொமைன் (எல்லாப் பயனர்களையும் ஒரு மைய சர்வர் நிர்வகிக்கும் முறை) இருக்கும் இடத்தில், கல்லூரியோ பெரிய ஆஸ்பத்திரியோ, டேட்டாபேஸ் சர்வர் வேறு சர்வரிலுள்ள ஷேர்டு ஃபோல்டரைத் தொட வேண்டுமென்றால் 'குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுண்ட்' நல்ல தேர்வு. அதைப் பின்னால் பார்ப்போம்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'லோக்கல் சிஸ்டம்' என்பது அந்தக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரம். டேட்டாபேஸ் இன்ஜினுக்கு வேண்டவே வேண்டாம். 'நெட்வொர்க் சர்வீஸ்' அதைவிடப் பாதுகாப்பானது, ஆனால் விண்டோஸின் வேறு பல சர்வீஸ்களும் அதே கணக்கில்தான் ஓடுகின்றன. டேட்டாபேஸுக்கென்று அதற்குக் கொடுக்கும் அனுமதி அவை எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். 'லோக்கல் சர்வீஸ்' கணக்கை டேட்டாபேஸ் இன்ஜினும் ஏஜென்ட்டும் (நேரம் குறித்த வேலைகளை ஓட்டும் துணை சர்வீஸ்) ஏற்றுக்கொள்வதே இல்லை. நீங்கள் தினமும் லாகின் செய்யும் சொந்தக் கணக்கை சர்வீஸுக்குக் கொடுப்பது எல்லாவற்றையும்விட மோசம். உங்கள் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு, கம்ப்யூட்டர் அடுத்த முறை ரீஸ்டார்ட் ஆகும்போது டேட்டாபேஸ் எழும்பாது.

'ஆபரேட்டிங் சிஸ்டம் எரர் 5'

பில்லிங் சாஃப்ட்வேரில் பேக்அப் பட்டனை அழுத்தி, இடம் கேட்கும்போது டெஸ்க்டாப்பைக் காட்டுகிறார்கள். 'கேன்நாட் ஓப்பன் பேக்அப் டிவைஸ்' என்று எரர் 3201 வருகிறது, கூடவே ஆபரேட்டிங் சிஸ்டம் எரர் 5, அடைப்புக்குறிக்குள் 'ஆக்ஸஸ் ஈஸ் டினைடு', அதாவது அனுமதி மறுப்பு. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களில் அனுமதி உள்ளவர்கள் மூவர்: அந்தப் பயனர், சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழு. விர்ச்சுவல் கணக்கு இந்த மூவரில் யாரும் இல்லை.

சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்க வருகிறவர் இந்த இடத்தில்தான் சர்வீஸை லோக்கல் சிஸ்டத்துக்கு மாற்றுகிறார். எரர் உடனே போய்விடும், அதனால் அதுவே சரியான வழி என்று தோன்றும். ஆனால் டேட்டாபேஸில் சிஸ்அட்மின் எனும் முழு அதிகாரம் உள்ள ஒருவர் (எஸ்ஏவுக்கு அது உண்டு) 'எக்ஸ்பி_சிஎம்டிஷெல்' என்ற வசதியைத் திறந்து விண்டோஸ் கட்டளைகளை ஓட்ட முடியும். அந்தக் கட்டளைகள் ஓடுவது சர்வீஸின் கணக்கில். 'எஸ்ஏ' பாஸ்வேர்டு '123' போன்ற ஒன்றாக இருந்து, ரவுட்டரில் எஸ்கியூஎல் சர்வரின் 1433 போர்ட்டும் வெளியே திறந்திருந்தால், பாஸ்வேர்டை ஊகித்து நுழைகிறவனுக்கு லோக்கல் சிஸ்டம் கணக்கின் வழியாக முழுக் கம்ப்யூட்டரும் கிடைத்துவிடும். ஆன்டிவைரஸை நிறுத்துவான், பேக்அப்பை அழிப்பான், எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பான். விர்ச்சுவல் கணக்கிலும் டேட்டாபேஸை இழக்கலாம்தான். ஆனால் முழுக் கம்ப்யூட்டரையும் பிடிக்க அவனுக்கு இன்னொரு ஓட்டை தேவைப்படும்.

சரியான வழி இரண்டு நிமிட வேலை. டி டிரைவில் பேக்அப்புக்கென்று ஒரு ஃபோல்டர் திறங்கள். ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட், ஆட் என்று போங்கள். முதலில் 'லொகேஷன்ஸ்' அழுத்தி மேலே உள்ள உங்கள் கம்ப்யூட்டர் பெயரைத் தேர்ந்தெடுங்கள். டொமைனில் உள்ள கம்ப்யூட்டரில் இதை விட்டுவிட்டால் பெயர் கிடைக்கவில்லை என்றே வரும். பிறகு 'என்டி சர்வீஸ்\' என்று தொடங்கும் முழுப் பெயரையும் கையால் டைப் செய்யுங்கள். 'ஃபைண்ட் நவ்' பட்டியலில் தேடினால் இந்தப் பெயர் அகப்படாது. 'செக் நேம்ஸ்' அழுத்தியதும் பெயர் அடிக்கோட்டுடன் மாறினால் சரி. 'மாடிஃபை' மட்டும் கொடுங்கள், 'ஃபுல் கன்ட்ரோல்' தேவையில்லை.

டி டிரைவில் புதிதாகத் திறந்த ஃபோல்டர் இந்த வேலை எதுவும் இல்லாமலே பெரும்பாலும் ஓடும். அங்கே 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' குழுவுக்கு ஏற்கெனவே மாடிஃபை அனுமதி இருப்பதே காரணம். அதே காரணத்தால் பில் போடும் பிள்ளைகளில் யாராவது கைதவறினாலும், அவர்கள் திறந்த மெயிலிலிருந்து வைரஸ் வந்தாலும், பேக்அப் அழியும். ஆகவே 'அட்வான்ஸ்டு' போய் 'டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' கொடுத்து, அனுமதிகளை நகலெடுத்துக்கொண்டு, ஆதென்டிகேட்டட் யூசர்ஸையும் யூசர்ஸையும் நீக்கிவிடுங்கள். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், சர்வீஸ் கணக்கு ஆகிய மூன்றும் மிஞ்சினால் போதும்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்த எம்டிஎஃப் கோப்பை (டேட்டாபேஸின் மூலக் கோப்பு) அட்டாச் செய்யும்போது, அதாவது சர்வரோடு இணைக்கும்போது, எரர் 5123 வருவதும் இதே கதைதான். டேட்டாபேஸை டிடாச் செய்தால் (சர்வரிலிருந்து கழற்றினால்), அதைச் செய்த விண்டோஸ் பயனரின் பெயருக்குக் கோப்பின் அனுமதி மாறிவிடும். கோப்பை இன்ஸ்டன்ஸின் 'டேட்டா' ஃபோல்டரில் வைத்து, கோப்புக்கே மேற்சொன்ன பெயரில் அனுமதி கொடுங்கள். அட்டாச் செய்வதற்குப் பதில் பேக்அப் எடுத்து ரீஸ்டோர் செய்தால் இந்தத் தொல்லையே வராது.

பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு பேக்அப்

ஐப்பசி மழைக்காலத்தில் மாலை இடிமின்னல் இங்கே வழக்கமானது. சர்வர் இருக்கும் அதே டிஸ்க்கில் மட்டும் பேக்அப் வைத்திருப்பது ஆபத்து. ஆகவே இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்ப நினைப்பது சரிதான். அனுப்பும் வழியில்தான் தவறு நடக்கிறது.

'இசட்' என்று மேப் செய்த டிரைவைக் காட்டினால் எரர் 3, பாதை கிடைக்கவில்லை என்று வரும். மேப் செய்த டிரைவ் உங்கள் லாகினுக்குள் மட்டும் இருப்பது. சர்வீஸின் கண்ணில் படாது. இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுத்தாலும் ஒர்க்குரூப்பில் தோல்விதான். விர்ச்சுவல் கணக்கு நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயரால் போய் நிற்கும். டொமைனில் 'சர்வர்1$' என்பது எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஷேரில் அந்தப் பெயருக்கு அனுமதி கொடுத்தால் போதும். ஒர்க்குரூப்பில் மற்ற கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு ஆளையே தெரியாது.

இதற்காக சர்வீஸின் கணக்கை மாற்றாதீர்கள். வேலையை இரண்டாகப் பிரியுங்கள். இன்ஜின் டி டிரைவிலேயே எழுதட்டும். பிறகு டாஸ்க் ஷெட்யூலரில் வேறொரு கணக்கின் பெயரில் 'ரோபோகாப்பி' (விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளை) ஓடி அந்தக் கோப்பை நகலெடுக்கட்டும். எக்ஸ்பிரஸில் ஏஜென்ட் வேலை செய்யாது என்பதால் 'எஸ்கியூஎல்சிஎம்டி' கொண்டு பேக்அப் எடுப்பதற்கும் எப்படியும் ஷெட்யூலர் வேண்டும்.

அந்த நகலெடுக்கும் கணக்கை இரண்டு கம்ப்யூட்டர்களிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டுடன் சாதாரணப் பயனராக உருவாக்குங்கள். டேட்டாபேஸுக்குள் அதற்கு 'டிபி_பேக்அப்ஆபரேட்டர்' பொறுப்பு மட்டும் போதும். டி டிரைவ் ஃபோல்டரில் படிக்கும் அனுமதி, தூரத்து ஷேரில் எழுதும் அனுமதி. யாரும் லாகின் செய்யாதபோதும் டாஸ்க் ஓட வேண்டுமென்றால், 'செக்பால்.எம்எஸ்சி' திறந்து 'லாக் ஆன் அஸ் எ பேட்ச் ஜாப்' உரிமையில் இந்தப் பெயரைச் சேருங்கள். பழைய நகல்களை அழிக்கும் வேலையைத் தூரத்துக் கம்ப்யூட்டரே தன் கணக்கில் செய்துகொள்ளட்டும்.

42 நாள் கழித்து வரும் தொல்லை

சில பழைய சாஃப்ட்வேர்களுக்கு லோக்கல் பயனர் கணக்கில்தான் சர்வீஸை ஓட்ட வேண்டியிருக்கும். அப்படிக் கணக்கு உருவாக்கும்போது 'யூசர் மஸ்ட் சேஞ்ச் பாஸ்வேர்டு' டிக்கை எடுங்கள், 'பாஸ்வேர்டு நெவர் எக்ஸ்பயர்ஸ்' டிக்கைப் போடுங்கள். விண்டோஸின் லோக்கல் பாலிசியில் பாஸ்வேர்டின் ஆயுள் 42 நாள். நாள் முடிந்ததும் சர்வீஸ் நின்றுவிடாது, ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டதால் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் இறங்கி, காலையில் ஆன் செய்யும்போதுதான் எரர் 1069 (சர்வீஸின் லாகின் தோல்வி) வரும். முந்தின நாள் வரை ஓடியது, மின்னலால் டேட்டாபேஸ் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ரீஇன்ஸ்டால் வரை போகிறார்கள். அதற்கு முன் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து பாருங்கள். 7038 எண்ணுள்ள பதிவு இருந்தால் பாஸ்வேர்டுதான் சிக்கல், டேட்டா பத்திரமாகவே இருக்கிறது.

பாஸ்வேர்டே வைக்காத பயனரையும் சர்வீஸுக்குக் கொடுக்க முடியாது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கு நேரடியாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து லாகின் செய்ய மட்டுமே என்பது விண்டோஸின் டீஃபால்ட் விதி.

டொமைனில்

சாதாரண டொமைன் பயனரை சர்வீஸுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். ஐந்து சர்வர்களுக்கு ஒரே கணக்கு, எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு, போதாக்குறைக்கு டொமைன் அட்மின்ஸ் குழுவிலும் சேர்த்திருப்பார்கள். டொமைனில் லாகின் உள்ள எவரும் அந்த சர்வீஸுக்கு டொமைன் தரும், அதன் கணக்கின் பாஸ்வேர்டால் பூட்டிய கெர்பெராஸ் நுழைவு டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்துப் பொறுமையாகப் பாஸ்வேர்டை உடைத்துப் பார்க்க முடியும். சர்வர் பக்கம் ஒரு தவறான லாகின்கூடப் பதிவாகாது. டொமைன் பயனர்தான் வேண்டுமென்றால் ஒரு சர்வீஸுக்கு ஒரு கணக்கு, 25 எழுத்துக்குக் குறையாத பாஸ்வேர்டு, எந்த அட்மின் குழுவிலும் இடம் இல்லை என்று வையுங்கள்.

குரூப் மேனேஜ்டு கணக்கில் பாஸ்வேர்டை டொமைனே உருவாக்கி, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். மனிதர் யாருக்கும் அது தெரியாது. டொமைன் கன்ட்ரோலர் (டொமைனை நடத்தும் சர்வர்) விண்டோஸ் சர்வர் 2012 அல்லது அதற்குப் பிந்தையதாகவும், எஸ்கியூஎல் சர்வர் 2014 அல்லது அதற்குப் பிந்தையதாகவும் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு உருவாக்கத் தேவையான மூலச் சாவிக்காகப் பவர்ஷெல்லில் 'ஆட்-கேடிஎஸ்ரூட்கீ' ஒருமுறை ஓட்டினால் பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். எல்லா டொமைன் கன்ட்ரோலர்களுக்கும் சாவி போய்ச்சேரும் அவகாசம் அது. சாயங்காலம் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். மறுநாள் 'நியூ-ஏடிசர்வீஸ்அக்கவுண்ட்' கொண்டு கணக்கை உருவாக்கி, பாஸ்வேர்டைப் படிக்க அனுமதியுள்ள கம்ப்யூட்டர்களின் குழுவைக் காட்டுங்கள். பெயர் 15 எழுத்துக்குள் இருக்கட்டும்.

சர்வரை அந்தக் குழுவில் சேர்த்த பிறகு சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் 'டெஸ்ட்-ஏடிசர்வீஸ்அக்கவுண்ட்' 'ஃபால்ஸ்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும், காரணம் தெரியாமல் அரை நாள் போய்விடும். 'ட்ரூ' வந்ததும் கணக்கின் பெயரைக் கடைசியில் டாலர் குறியுடன் கொடுத்து, பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

டொமைன் பயனராக மாற்றியதும் கிளையன்ட்டில் 'கேன்நாட் ஜெனரேட் எஸ்எஸ்பிஐ கான்டெக்ஸ்ட்' வந்தால் எஸ்பிஎன் பதிவை, அதாவது எந்த சர்வீஸ் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்ற டொமைன் பதிவைப் பாருங்கள். பழைய கணக்கின் பெயரில் பதிவு அப்படியே கிடக்கும். 'செட்எஸ்பிஎன் -எக்ஸ்' கட்டளை இரட்டைப் பதிவுகளைக் காட்டிக்கொடுக்கும். பழையதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேருங்கள்.

குரூப் பாலிசியால் (டொமைன் முழுக்கப் பரவும் அமைப்பு விதிகள்) வரும் ஒரு கோளாறும் உண்டு. யாராவது 'லாக் ஆன் அஸ் எ சர்வீஸ்' உரிமையைப் பாலிசியில் எழுதி, அந்தப் பட்டியலில் 'என்டி சர்வீஸ்\ஆல் சர்வீசஸ்' சேர்க்க மறந்தால், விர்ச்சுவல் கணக்குகள் எல்லாம் உரிமையை இழக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் அதே 1069 வரும், ஆனால் ஈவென்ட் எண் 7041 ஆக இருக்கும்.

கணக்கை மாற்றும்போது

விண்டோஸின் 'சர்வீசஸ்' விண்டோவில் மாற்றாதீர்கள். 'எஸ்கியூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர்' மட்டுமே பயன்படுத்துங்கள். ரெஜிஸ்ட்ரி அனுமதி, லாக் ஆன் உரிமை, சர்வீஸ் மாஸ்டர் கீ (இன்ஜினின் மறைகுறியாக்கச் சாவி) எல்லாவற்றையும் அது சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஸ்டார்ட் மெனுவில் கிடைக்காவிட்டால் ரன் பெட்டியில் 'எஸ்கியூஎல்சர்வர்மேனேஜர்16.எம்எஸ்சி' என்பதன் ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். 16 என்பது 2022 பதிப்பு. 2019க்கு 15, 2017க்கு 14.

மாஸ்டர் டேட்டாபேஸ் உட்பட எல்லாவற்றுக்கும் பேக்அப் எடுத்துவிட்டு, கடை சாத்திய பிறகு தொடங்குங்கள். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் வியாபாரம் நடக்கும் வாரங்களில் கை வைக்க வேண்டாம். சர்வீஸின் ப்ராப்பர்ட்டீஸில் 'லாக் ஆன்' தாளில் புதிய கணக்கைக் கொடுத்து அப்ளை செய்தால் ரீஸ்டார்ட் கேட்கும். கணக்கு மாறாமல் பாஸ்வேர்டு மட்டும் மாறினால் ரீஸ்டார்ட் வேண்டாம்.

நல்ல செய்தி என்னவென்றால், ஃபோல்டர் அனுமதியை 'என்டி சர்வீஸ்\' பெயரில் கொடுத்திருந்தால் கணக்கை மாற்றினாலும் அது செல்லும். எந்தக் கணக்கில் ஓடினாலும் அந்தப் பெயர் சர்வீஸோடு ஒட்டிக்கொண்டே வரும். இதற்காகத்தான் மேலே அந்தப் பெயரை டைப் செய்யச் சொன்னது. இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் சர்டிஃபிகேட் போட்டிருந்தால் அதன் ப்ரைவேட் கீயைப் படிக்கும் அனுமதியையும் இதே பெயரில் கொடுங்கள். இல்லாவிட்டால் எரர் 26014 காட்டி இன்ஜின் எழும்பாது.

எஸ்கியூஎல் சர்வரோடு வரும் ஏஜென்ட், பிரவுசர், ரைட்டர் போன்ற மற்ற சர்வீஸ்களை இன்ஸ்டாலர் வைத்த கணக்கிலேயே விடுங்கள். ரைட்டர் லோக்கல் சிஸ்டத்தில் ஓடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது அப்படித்தான் ஓட வேண்டும். ஏஜென்ட்டில் விண்டோஸ் கட்டளை ஓட்டும் ஜாப் இருந்தால் ஏஜென்ட்டின் கணக்கைப் பெரிதாக்காமல் அந்த வேலைக்கு மட்டும் ப்ராக்ஸி கணக்கு வையுங்கள்.

லினக்ஸில்

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் ஆகிய டேட்டாபேஸ்கள் இரண்டும் தமக்கென்று கணக்கை உருவாக்கிக்கொண்டே வருகின்றன. போஸ்ட்கிரெஸை முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கில் ஓட்டவே முடியாது, மறுத்துவிடும். இங்கே தவறு நடப்பது டேட்டா ஃபோல்டரைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றும்போது. அனுமதி எரர் வந்ததும் 'சிமாட் 777' (எல்லோருக்கும் முழு அனுமதி) போடுகிறார்கள். போஸ்ட்கிரெஸுக்கு 0700 (உரிமையாளருக்கு மட்டும்) அல்லது 0750 (குழுவுக்குப் படிக்கவும்) தான் வேண்டும், அதைவிடத் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாது. உரிமையாளரை 'சிஓன்' கொண்டு மாற்றி 0700 வையுங்கள். உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் எல்லாம் சரியாக இருந்தும் எரர் 13 காட்டினால், உபுண்டுவின் பாதுகாப்புக் காவலான அப்ஆர்மர் தடுக்கிறது. அதன் லோக்கல் கோப்பில் புதிய பாதையைச் சேர்க்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸில் 'காப்பி' கட்டளை கொண்டு உங்கள் ஹோம் ஃபோல்டரிலுள்ள சிஎஸ்வி கோப்பை ஏற்றினால் அனுமதி மறுக்கப்படும். இங்கும் கோப்பைத் திறப்பது சர்வீஸ்தான். 'பிஎஸ்கியூஎல்'லில் சாய்கோடு போட்ட '\காப்பி' கொடுங்கள், அப்போது கோப்பை நீங்களே படித்து அனுப்புகிறீர்கள்.

சரிபார்க்க

கணக்கை மாற்றிய பிறகு இன்ஸ்டன்ஸின் 'லாக்' ஃபோல்டரில் 'எரர்லாக்' கோப்பை நோட்பேடில் திறங்கள். முதல் சில வரிகளுக்குள் 'தி சர்வீஸ் அக்கவுண்ட் ஈஸ்' என்று தொடங்கும் வரியில் இப்போது ஓடும் கணக்கின் பெயர் இருக்கும். 'எஸ்ஒய்எஸ்.டிஎம்_சர்வர்_சர்வீசஸ்' என்ற வியூவைக் கேட்டாலும் அந்த இன்ஸ்டன்ஸின் இன்ஜின், ஏஜென்ட் போன்ற சர்வீஸ்களின் கணக்கை ஒரே பட்டியலில் காட்டும். பிறகு கம்ப்யூட்டரை முழுதாக ரீஸ்டார்ட் செய்து, யாரும் லாகின் செய்யாமலேயே வேறு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பில் போட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் தூரத்து ஷேரில் வந்து விழுந்த பேக்அப் கோப்பின் தேதியையும் அளவையும் பார்த்து, அதை வேறு பெயரில் ஒருமுறை ரீஸ்டோர் செய்து திறந்துவிடுங்கள்.